லெப்டினன்ட் ஆனால் தினமும் என்ன வேலை?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. கடைசி வருடம் படிக்கிறாள். சிடிஎஸ் என்ற யுபிஎஸ்சி தேர்வு எழுதி ராணுவ அதிகாரி ஆகப்போகிறேன் என்கிறாள். எங்கள் குடும்பத்தில் ராணுவத்துக்குப் போனவர்கள் யாரும் இல்லை. அதிகாரி என்றால் எல்லையில் துப்பாக்கியோடு நிற்க வேண்டுமா, ஆபீசில் உட்கார்ந்து கோப்பு பார்க்க வேண்டுமா? தினமும் என்னதான் வேலை? - வாசகர், விருதுநகர்

பதில்: நீங்கள் சொன்ன இரண்டுமே உண்டு ஐயா. ஆனால் இளம் அதிகாரியின் நாளில் பெரும்பகுதி, தனக்குக் கீழே இருக்கும் வீரர்களைக் கவனிப்பதில்தான் போகும். உங்கள் மகளிடம் முதலில் பேச வேண்டியதும் இதைப் பற்றித்தான்.

அமைதிப் பகுதியில் இருக்கும் யூனிட் என்று வைத்துக்கொள்வோம். விடியற்காலையில் பி.டி. வீரர்களோடு சேர்ந்து லெப்டினன்ட்டும் (அதிகாரியின் முதல் பதவி இதுதான்) ஓட வேண்டும். ஓரமாக நின்று பார்த்தால் மரியாதை கிடைக்காது. குளித்துச் சாப்பிட்டதும் பயிற்சி வகுப்பு, வண்டி பராமரிப்பு, ஆயுதங்களைச் சரிபார்ப்பது, ஸ்டோர் கணக்கு. சாயங்காலம் வீரர்களோடு வாலிபாலோ கால்பந்தோ. டியூட்டி ஆபீசர் முறை வரும் நாளில், லங்கரில், அதாவது வீரர்களின் சமையல்கூடத்தில், சமைத்ததை ருசி பார்க்க வேண்டும். நள்ளிரவில் எழுந்து போய் காவலில் நிற்பவர் விழிப்பாக இருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எல்லைப் பகுதிக்கோ பெரிய பயிற்சிக்கோ யூனிட் நகர்ந்துவிட்டால் இந்த நேரக்கணக்கு எதுவும் இருக்காது.

இதற்கு நடுவில் வருவதுதான் கஷ்டமான வேலை. ஒரு வீரருக்குத் தங்கை கல்யாணம், இன்னொருவருக்கு அம்மா ஆஸ்பத்திரியில்; ஒரே வாரத்தில் இருவரும் லீவு கேட்பார்கள். ஊரில் நிலத்தகராறு என்று ஒருவர் தூக்கமில்லாமல் இருப்பார். அவருக்காக மாவட்ட நிர்வாகத்துக்குக் கடிதம் போக வேண்டும். இதையெல்லாம் கேட்டு, யோசித்து, மேலதிகாரியிடம் எடுத்துச்சொல்வது 23 வயதுப் பெண்ணின் பொறுப்பு. துணைக்கு ஒரு சுபேதார், அதாவது சாதாரண வீரராகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தவர், இருப்பார். இருபது வருடத்துக்கு மேல் சர்வீஸ் போட்டவர், கிட்டத்தட்ட உங்கள் வயது. அவர் உங்கள் மகளுக்கு சல்யூட் வைப்பார். உங்கள் மகள் அவரை ‘சாப்’ என்று மரியாதையாகக் கூப்பிட்டு, அவரிடமே தொழில் கற்றுக்கொள்வாள். இந்த உறவைச் சரியாகப் பிடித்துக்கொண்ட இளம் அதிகாரிக்கு முதல் இரண்டு வருடம் நன்றாகவே போகும்.

எந்தப் பிரிவு கிடைக்கிறது என்பதைப் பொறுத்து வேலை மாறும். சிக்னல்ஸ் என்றால் தகவல் தொடர்பு, ஆர்மி சர்வீஸ் கோர் என்றால் உணவும் எரிபொருளும் போக்குவரத்தும், இன்ஜினியர்ஸ் என்றால் பாலம், சாலை, கண்ணிவெடி அகற்றுவது. 2023-இல் பீரங்கிப் படையிலும் பெண் அதிகாரிகள் சேர்ந்துவிட்டார்கள். காலாட்படையும் டாங்கிப் படையும் அவர்களுக்கு இன்னும் திறக்கவில்லை. பதவி உயர்வைப் பொறுத்தவரை, இரண்டு வருடத்தில் கேப்டன், ஆறில் மேஜர், பதிமூன்றில் லெப்டினன்ட் கர்னல். அதற்கு மேலே போட்டி கடுமை.

பயிற்சி நம் சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியில்தான், சுமார் 11 மாதம். பெண்கள் 1992 முதல் அங்கே பயிற்சி பெறுகிறார்கள். எந்தப் பட்டமானாலும் சரி, கடைசி வருடம் படிப்பவர்களும் விண்ணப்பிக்கலாம். இந்த அகாடமிக்கு மட்டும் விண்ணப்பித்தால் ஆங்கிலமும் பொது அறிவும் போதும், கணிதத் தாள் கிடையாது. எழுத்துத் தேர்வுக்குப் பிறகு ஐந்து நாள் எஸ்எஸ்பி எனும் நேர்முகத் தேர்வு.

பெற்றோர் பலர் கவனிக்காமல் விடுகிற விஷயம் ஒன்று உண்டு. இது குறுகிய காலப் பணி: பத்து வருடம், விரும்பினால் பதினான்கு வரை நீட்டிக்கலாம். அதோடு வெளியே வந்தால் மாதப் பென்ஷன் கிடையாது. 2020-இல் உச்ச நீதிமன்றம் கொடுத்த தீர்ப்புக்குப் பிறகு பெண்களும் நிரந்தரப் பணிக்குப் பரிசீலிக்கப்படுகிறார்கள். ஆனால் அது தானாக வருவதில்லை, அதுவரையிலான சர்வீஸ் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துத்தான் முடிவு செய்வார்கள். முப்பத்தைந்து வயது வாக்கில் வேறு வேலை தேட வேண்டி வரலாம் என்பது மகளுக்கு இப்போதே தெரிந்திருக்கட்டும்.

அப்புறம் இந்தி. தேர்வுக்குத் தேவையில்லை, ஆனால் யூனிட்டில் வீரர்கள் மனம்விட்டுப் பேசுவது பெரும்பாலும் அதில்தான். தேர்வுக்குப் படிக்கும்போதே தினமும் அரைமணி நேரம் பேசிப் பழகட்டும். காலையில் ஓட்டத்தையும் இன்றே தொடங்கலாம்.