ஏடபிள்யூஎஸ் (அமேசான் கிளவுட்) பாலிசி, அதாவது யாருக்கு என்ன அனுமதி என்ற விதி, எழுதுகிறவர்களுக்கு: கேள்வி-பதில்

கேள்வி: ஒரே ஒரு எஸ்3 பக்கெட்டை (ஃபைல்கள் வைக்கும் கிளவுட் கொள்கலன்) படிக்க மட்டும் பாலிசி எழுதினேன். ஃபைல் திறக்கிறது, பட்டியல் கேட்டால் 'ஆக்சஸ் டினைடு' என்கிறது. எங்கே தப்பு?

பதில்: ரிசோர்ஸ் வரியில் பக்கெட் பெயருக்குப் பின்னால் '/*' போட்டு விட்டுவிட்டீர்கள் என்று நினைக்கிறேன். அது உள்ளே இருக்கும் ஃபைல்களைத்தான் குறிக்கும், பக்கெட்டை அல்ல. 'கெட்ஆப்ஜெக்ட்' ஃபைலுக்கான அனுமதி, 'லிஸ்ட்பக்கெட்' பக்கெட்டுக்கானது. ஆகவே இரண்டு ஸ்டேட்மென்ட் எழுதுங்கள்: முதலாவதில் '/*' உடன், இரண்டாவதில் அது இல்லாமல். தயவுசெய்து ரிசோர்ஸில் வெறும் '*' போட்டு முடித்துவிடாதீர்கள். பிழை போய்விடும், கூடவே கணக்கிலுள்ள மற்ற பக்கெட்டுகளும் திறந்துகொள்ளும்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். லிஸ்ட்பக்கெட் அனுமதி இல்லாதவர் இல்லாத ஃபைலைக் கேட்டாலும் 404 ('ஃபைல் இல்லை') வராது, 403 ('அனுமதி இல்லை') தான் வரும். ஃபைல் பெயரில் ஒரு எழுத்து பிசகியிருக்க, அனுமதியில் கோளாறு என்று பாதி நாள் தேடுகிறவர்கள் உண்டு. முதலில் பெயரைச் சரிபாருங்கள். ஃபைல்கள் உங்கள் சொந்த கேஎம்எஸ் (ஏடபிள்யூஎஸ்ஸின் குறியாக்கச் சாவிச் சேவை) சாவியால் பூட்டப்பட்டிருந்தால் 'டிக்ரிப்ட்' அனுமதியும் தேவை.

கேள்வி: அவரவர் ஃபோல்டர் அவரவருக்கு என்று யூசர்நேம் வேரியபிள் (உள்ளே வருகிறவரின் பெயர் தானாக நிரம்பும் இடம்) வைத்தேன். யாருக்குமே திறக்கவில்லை.

பதில்: 'வெர்ஷன்' வரியைப் பாருங்கள். அங்கே 2012-10-17 என்று இருக்க வேண்டும். அது நீங்கள் பாலிசி எழுதிய தேதி இல்லை, பாலிசி மொழியின் பதிப்பு. வரியே இல்லையென்றால் 2008-10-17 என்று எடுத்துக்கொள்ளும்; அந்தப் பதிப்பில் வேரியபிள் வெறும் எழுத்தாகவே படிக்கப்படும். ரோல் (தற்காலிகமாக ஏற்றுக்கொள்ளும் அனுமதித் தொகுப்பு) வழியாக உள்ளே வருகிறவர்களுக்கு இந்த வேரியபிளே கிடையாது, ஐஏஎம் யூசர்களுக்கு (கணக்கில் தனிப் பெயரோடு உருவாக்கிய பயனர்கள்) மட்டும்தான்.

கேள்வி: பாலிசி நீளம் தாண்டிவிட்டது என்கிறது. இடைவெளிகளை நீக்கட்டுமா?

பதில்: பலனில்லை. மேனேஜ்டு பாலிசிக்கு (தனியாகச் சேமித்துப் பலருக்கு மாட்டுவது) 6,144 எழுத்து வரம்பு. இடைவெளி அதில் சேராது. இரண்டாகப் பிரித்து எழுதுங்கள்.

கேள்வி: எல்லோருக்கும் அட்மின் உரிமை கொடுத்து வைத்திருக்கிறோம். எப்படிக் குறைப்பது?

பதில்: ஏடபிள்யூஎஸ்ஸின் 'ஆக்சஸ் அனலைசர்' என்ற அனுமதி ஆய்வுக் கருவி, கிளவுட்டிரெயில் பதிவுகளில் (கணக்கில் யார் என்ன செய்தார்கள் என்ற குறிப்பு) 90 நாள் வரை பார்த்து ஒரு பாலிசி வரைவு தரும். அதை அப்படியே மாட்டிவிடாதீர்கள். ஆண்டுக்கணக்கு முடிக்கும்போது மட்டும் ஓடுகிற வேலை அந்த 90 நாளில் இருக்காது. எஸ்3 ஃபைலைப் படிப்பது, எழுதுவது போன்றவை தனித்தனிச் செயலாக அதில் வராது. 'பாஸ்ரோல்' (ஒரு சேவைக்கு ரோலைக் கொடுக்கும் அனுமதி) வரவே வராது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும். சேர்க்கும்போது எந்த ரோல் என்று பெயர் குறிப்பிட்டுச் சேர்த்துவிடுங்கள். லாம்டா (உங்கள் நிரலை ஓட்டித் தரும் சேவை) உருவாக்கி ஓட்டும் உரிமையும் '*' போட்ட பாஸ்ரோலும் ஒருவரிடம் சேர்ந்தால், லாம்டாவை நம்பும் அட்மின் ரோல் ஒன்று கணக்கில் இருந்தாலே போதும், அவரும் அட்மின்தான்.

கேள்வி: அஷூரில் (மைக்ரோசாஃப்ட் கிளவுட்) 'நாட்ஆக்‌ஷன்ஸ்' போட்டால் தடைதானே?

பதில்: இல்லை. அந்த ரோல் தரும் உரிமையிலிருந்து கழிப்பது, அவ்வளவே. வேறொரு ரோல் அதே உரிமையைத் தந்தால் கிடைத்துவிடும். ஏடபிள்யூஎஸ்ஸின் 'டினை' அப்படியல்ல. எத்தனை 'அலவ்' இருந்தாலும் அதுதான் செல்லும்.