அமெரிக்காவில் பாலியல் குற்றவாளிகள் பள்ளிக்கு அருகில் வசிக்கக் கூடாதாமே, அப்படியானால் பள்ளிக்குப் பக்கத்தில் வீடு எடுப்பது பாதுகாப்பா?

இப்போதுதான் அமெரிக்கா வந்திருக்கிறீர்கள், கைக்குழந்தையோ பள்ளி போகும் குழந்தையோ இருக்கிறது, வீடு தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். இதே கேள்வியோடு ராத்திரி முழுக்க வரைபடத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான்.

தூரக் கணக்கு மாநிலத்துக்கு மாநிலம், ஊருக்கு ஊர் மாறும். நாங்கள் இருக்கும் ஃப்ளோரிடாவில், 16 வயதுக்குக் குறைந்தவர்களிடம் குற்றம் செய்து தண்டனை பெற்றவர் பள்ளி, குழந்தைகள் காப்பகம், பூங்கா, விளையாட்டுத் திடல் இவற்றிலிருந்து 1,000 அடிக்குள் குடியிருக்கக் கூடாது. எங்கள் ஊர் உட்படப் பல நகரங்களில் அது 2,500 அடி. ஆனால் இது அவர் எங்கே குடியிருக்கிறார் என்பதற்கான தடைதான். பகலில் பள்ளிப் பக்கம் நடமாடுவதற்குத் தனி விதிகள் உண்டு.

2014-ல் என் மகனுக்கு ஆறு வயது. எங்கள் அடுக்ககத்தின் கதவுகளில் ஒரு நோட்டீஸ். பாலியல் குற்றத்தில் தண்டனை பெற்ற ஒருவரின் புகைப்படம், பெயர், முகவரி. மூன்று தெரு தள்ளி, பச்சைக் கதவு வீடு. அன்று மாலையே எல்லாரும் கூடினோம். குளத்தை ஒட்டிய சின்னப் பூங்காவை அதிகாரிகள் கணக்கில் எடுக்கவில்லை என்பதைக் கண்டுபிடித்தது நான்தான். மடிக்கணினியில் பூங்கா எல்லையிலிருந்து அந்த வீட்டு எல்லை வரை நேர்க்கோடு இழுத்தேன். 2,460 அடி. நாற்பது அடி குறைகிறது! புகார் கொடுத்தோம். சில வாரங்களில் அவர் காலி செய்தார். பக்கத்து வீட்டுக்காரர்கள் என்னைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை.

பாலியல் குற்றவாளிகளின் விவரங்களை மாநிலமே இணையத்தில் எல்லாரும் பார்க்கும்படி ஒரு பதிவேட்டில் வைத்திருக்கிறது. அடுத்த மாதம் அதில் அவர் பக்கத்தைத் திறந்தேன். அதே புகைப்படம். முகவரி இருந்த இடத்தில் 'நிலையான இருப்பிடம் இல்லை'. முன்பு அந்தப் பச்சைக் கதவைத் தவிர்த்து வேறு தெரு வழியாகப் பிள்ளையைக் கூட்டிப் போவேன். இப்போது எந்தத் தெருவைத் தவிர்ப்பது?

'குற்றவாளிக்கு வக்காலத்தா?' என்று கேட்கப் போகிறவர்களுக்கு: இல்லை. அவர் செய்ததைப் படித்தவள் நான், அதற்கு மன்னிப்பே கிடையாது. நான் கேட்பது, இந்தத் தூரக் கணக்கு பிள்ளைகளைக் காப்பாற்றுகிறதா என்பதை மட்டும்தான். மயாமியில் இப்படி வீடு கிடைக்காதவர்கள் ஜூலியா டட்டில் பாலத்துக்கு அடியில் கூடாரம் போட்டுக் கிடந்தார்கள், 2010 வரை. அயோவாவில் 2005-ல் 2,000 அடித் தடை அமலுக்கு வந்த சில மாதங்களிலேயே, இருப்பிடம் தெரியாமல் போனவர்கள் இரண்டு மடங்குக்கும் மேல் ஆனார்கள். அந்தத் தடையை மாற்றச் சொன்னவர்கள் அங்குள்ள அரசு வழக்கறிஞர்களே. 2009-ல் தடையைச் சுருக்கினார்கள். மினசோட்டா சிறைத்துறை, விடுதலையாகி மறுபடி பாலியல் குற்றம் செய்து சிறைக்குத் திரும்பிய 224 பேரின் வழக்குகளை ஆராய்ந்து 2007-ல் அறிக்கை வெளியிட்டது. இப்படிப்பட்ட குடியிருப்புத் தடை இருந்திருந்தால் தடுத்திருக்கக்கூடியது அதில் ஒன்றுகூட இல்லை. ஃப்ளோரிடாவில் ஜெசிகா லன்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமியின் கொலைதான் இந்தச் சட்டங்களைக் கடுமையாக்கக் காரணம். 2005-ல் அவளைக் கடத்திக் கொன்றவன் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவன். பதிவில் ஒரு முகவரி, தங்கியிருந்தது அந்தக் குழந்தையின் வீட்டுக்கு எதிரே.

எனக்கு இன்னும் உறுத்துவது வேறொன்று. அதே 2014 கோடையில் ஒரு பாட்லக், ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவரும் விருந்து. குடும்ப நண்பர் ஒருவர் என் மகனை மடியில் இழுத்து உட்கார வைத்தார். பையன் நெளிந்தான். "அம்மா, விடச் சொல்லும்மா" என்றான். நான் கையில் தட்டோடு, "மாமாதானே கண்ணா, சும்மா இரு" என்றேன். அவர் தவறாக ஏதும் செய்தார் என்று நான் சொல்லவே இல்லை. ஆனால் நாற்பது அடிக்காக ராத்திரியெல்லாம் கணக்குப் போட்டவள், பக்கத்திலேயே பிள்ளை கேட்டதைக் காதில் வாங்கவில்லை. குழந்தைகளிடம் நடக்கும் பாலியல் குற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் தெரிந்தவர்கள் செய்வது என்பதை அதற்கப்புறம்தான் படித்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்குள் நுழைய அடையாள அட்டையைப் பதிவேட்டோடு ஒப்பிடுவார்கள், நல்லதுதான். ஊரிலிருந்து வந்த என் மாமியார், 68 வயது, பேரன் மேடை ஏறுவதைப் பார்க்க பட்டுப்புடவை கட்டி வந்தார். இந்தியப் பாஸ்போர்ட் அந்த இயந்திரத்தில் ஏறவில்லை என்று வாசலிலேயே உட்கார வைத்துவிட்டார்கள். கைதட்டல் மட்டும் வெளியே கேட்டது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவர் பேசவில்லை. கேட்க நாதியில்லை.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். பள்ளி பக்கத்தில் இருப்பதை மட்டும் நம்பி வீடு எடுக்காதீர்கள். மாநிலப் பதிவேட்டில் முகவரியைப் போட்டுப் பாருங்கள், இலவசம். ஃப்ளோரிடாவில் மின்னஞ்சல் அறிவிப்புக்கும் பதிந்துகொள்ளலாம். பிள்ளை யார் மடியிலாவது உட்கார மாட்டேன் என்றால், மாமாவோ தாத்தாவோ, விட்டுவிடுங்கள்.

என் மகன் என்னைவிட உயரமாகிவிட்டான். அந்த நண்பர் வந்தால் ஒரு வணக்கம் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விடுகிறான். நான் கீழே கூப்பிடுவதில்லை.