தொந்தரவு செய்யாத மனிதர்

அன்புள்ள சார்,

என் மாமனாருக்கு 74 வயது. இதயம் பலவீனம். கால் வீக்கத்துக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன வாரம் மூச்சு வாங்கியதால் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். இப்போது நீர் பிரிய லாசிக்ஸ் ஊசி போடுகிறார்கள். ஊசி போட்டால் கிட்னி போய்விடும் என்று உறவினர் ஒருவர் பயமுறுத்துகிறார். மாத்திரையே போதாதா? பொட்டாசியம் குறையுமாமே, இளநீர் கொடுக்கலாமா? மாமனார் வி.ஏ.ஓ.வாக இருந்து ஓய்வுபெற்றவர். யாரையும் தொந்தரவு செய்ய மாட்டார்.

ச.

அன்புள்ள ச.,

இளநீர் பற்றி என்னிடம் கேட்காதீர்கள். அவருடைய ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் சொல்ல வேண்டியது அது. பொட்டாசியத்தைத் தக்கவைக்கிற இன்னொரு மாத்திரையும் அவருக்குப் போய்க்கொண்டிருந்தால் இளநீரே வம்பாகிவிடும். கிட்னி போய்விடும் என்ற அந்த உறவினர், ஒரு ராத்திரியாவது வார்டில் வந்து உட்கார்ந்தாரா?

மாத்திரை போதாததற்குக் காரணம் இருக்கிறது. காலில் தெரிகிற வீக்கம் குடலிலும் இருக்கும். வீங்கிய குடல் மருந்தைச் சரியாக உறிஞ்சாது. ஊசி நேரே ரத்தத்தில் கலந்து, சிறுநீரகம் உப்பைத் திரும்ப இழுத்துக்கொள்வதைத் தடுக்கிறது. வெளியேறும் உப்போடு தண்ணீரும் போகிறது. அளவுக்கு மீறி வற்றினால் கிட்னிக்குப் போகும் ரத்தம் குறையும். அதற்குத்தான் அடிக்கடி ரத்தம் எடுத்து, கிட்னி எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவைப் பார்க்கிறார்கள். காதில் இரைச்சல் கேட்டால் உடனே சிஸ்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். மருந்தை அதிக அளவில், வேகமாக ஏற்றினால் காதைப் பாதிக்கும். சரி, இவ்வளவு போதும்.

என்னை உட்கார்ந்து பதில் எழுத வைத்தது உங்கள் கடைசி வரி. என் அப்பாவும் யாரையும் தொந்தரவு செய்யாதவர். பள்ளித் தலைமையாசிரியர். அவருக்கும் ஆஸ்பத்திரியில் இதே ஊசிதான் போட்டார்கள். ஒரு நாள் ராத்திரி ஒன்பதரைக்கு ஊசியைப் போட்டுவிட்டு நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார். ஐந்து நிமிஷத்தில் நீர் பிரிய ஆரம்பிக்கும், அரை மணியில் உச்சத்துக்குப் போகும், அடங்க இரண்டு மணி நேரமாகும் என்றெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லவில்லை. நான் டீ குடிக்கக் கீழே இறங்கினேன். யூரின் பாட்டில் கட்டிலுக்கு அடியில், அவர் கை எட்டாத தூரத்தில் இருந்தது. பக்கத்துக் கட்டில்காரரின் மனைவியிடம் எடுத்துத் தரச் சொல்லிக் கேட்பாரா அவர்? எழுந்து நடந்தார். நீர் இறங்கிய உடம்பில் பிரஷரும் இறங்கியிருக்கும், எழுந்ததும் தலை சுற்றும். கழிப்பறை வாசலில் விழுந்துவிட்டார். நெற்றியில் நான்கு தையல். தையல் போடும்போது அவர் அழவில்லை. வேட்டி மாற்றும்போது அழுதார்.

அதனால் சொல்கிறேன். ஊசி போட வரும்போதே பாட்டில் கட்டிலின் மேல், அவர் கைக்கருகில் இருக்க வேண்டும். அவர் தனியாக எழுந்திருக்கவே கூடாது. உட்கார்ந்து, காலைத் தொங்கப்போட்டு, ஒரு நிமிஷம் பொறுத்து, ஆள் பிடித்துக்கொண்ட பிறகுதான் நிற்க வேண்டும். மருமகள் என்பதால் உங்களுக்குக் கூச்சமிருக்கும், அவருக்கு அதைவிட அதிகம். உங்கள் கணவர் எங்கே? கடிதம் முழுக்கத் தேடினேன், ஆளையே காணவில்லை. ஊசி போட்ட பிறகு இரண்டு மணி நேரம் அவரைக் கட்டிலருகே உட்காரச் சொல்லுங்கள். போனைப் பார்த்துக்கொண்டு வராந்தாவில் நிற்பது துணை இருப்பதில் சேராது.

அப்புறம், பாட்டிலில் இருப்பதை அளக்காமல் கொட்டாதீர்கள். முகத்தைச் சுளித்துக்கொண்டு ஓடிப்போய்க் கொட்டிவிட்டு வருகிறோமே, அதுதான் டாக்டர் காலையில் வந்ததும் கேட்கிற கணக்கு. இந்த வகை ஊசியின் கதையே அந்தக் கணக்கில்தான் தொடங்குகிறது. 1919இல் வியன்னாவில் ஆல்ஃபிரட் வோகல் என்ற மருத்துவ மாணவர், மேகநோய் (சிபிலிஸ்) கண்ட ஒரு பெண்ணுக்குப் பாதரசம் கலந்த ஊசி போட்டார். அந்த வார்டில் நர்ஸ்கள் சிறுநீரை அளந்து குறித்துவந்தார்கள். ஊசி போட்ட நாட்களில் மட்டும் அளவு ஏறியிருந்தது. நோய்க்குப் போட்ட மருந்து நீரை இறக்குகிறது என்று அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டார்கள். பாதரசம் விஷம், பிறகு அதைக் கைவிட்டார்கள். லாசிக்ஸ் வந்தது 1960களில். அந்த நர்ஸ்கள் அளக்காமல் கொட்டியிருந்தால்?

எடையும் அப்படித்தான். காலையில் சிறுநீர் கழித்த பிறகு, சாப்பிடும் முன், அதே தராசில். ஒரு கிலோ குறைந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது.

விழுந்த மறுநாள் காலை அப்பா என்னிடம் ஒரு நோட்டும் பேனாவும் கேட்டார். ஸ்கேல் இல்லாமலே நேராகக் கோடு போட்டு மூன்று பத்தி பிரித்தார்: மணி, குடித்தது, கழித்தது. முதல் வரி 6.10, 350 மில்லி. பாட்டிலை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, கோடு சரியாகத் தெரிகிறதா என்று என்னை இரண்டு முறை பார்க்கச் சொன்னார். அதற்குப் பிறகு பாட்டில் கேட்க அவர் கூச்சப்படவே இல்லை. எனக்குத்தான் தாமதமாகக் கொண்டுவந்ததற்குத் திட்டு விழுந்தது.

உங்கள் மாமனார் வி.ஏ.ஓ.வாக இருந்தவர். காலமெல்லாம் அடங்கல் என்ற பயிர்க் கணக்கை எழுதிய கை. ஒரு நோட்டு வாங்கிக் கொடுத்துப் பாருங்கள்.