தெருவில் போகிறவரைக் கேட்காமல் படம் எடுக்கலாமா?

சட்டம் இடம் கொடுக்கிறது என்பதாலேயே அது சரியாகிவிடாது என்பேன். நியூயார்க்கில் நடந்த ஒரு வழக்கைப் பாருங்கள். ஃபிலிப்-லோர்கா டிகோர்சியா என்ற புகைப்படக் கலைஞர், டைம்ஸ் சதுக்கத்தில் சாரத்தின் மேல் ஃபிளாஷ் விளக்குகளைப் பொருத்திவிட்டு, தள்ளி நின்று, கடந்துபோனவர்களின் முகங்களை அவர்கள் அறியாமலே படம்பிடித்தார். 2001இல் அவை கண்காட்சிக்கு வந்தன. ஆயிரக்கணக்கான டாலருக்கு விலைபோயின. அவர்களில் வைதீக யூதரான முதியவர் ஒருவர், இது தன் மத நம்பிக்கைக்கு விரோதமானது என்று வழக்குத் தொடுத்தார். இது கலை, வியாபார விளம்பரம் அல்ல என்று சொல்லி, 2006இல் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது.

படங்கள் அபாரமானவைதான். தெருவைப் படம் எடுக்கவே கூடாதென்றால் நகரங்களின் வரலாற்றில் பாதி நம் கண்ணுக்கே வந்திருக்காது. ஆனாலும், வேண்டாம் என்று ஒருவர் சொன்ன பிறகும் அவர் முகத்தை விற்கலாம் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

கூட்டத்தில் ஒருவராகத் தெரிவது வேறு. படம் முழுக்க ஒரே முகமாக இருப்பது வேறு. இரண்டாவது வகையென்றால், எடுத்த பிறகாவது திரையைக் காட்டிக் கேளுங்கள். மறுத்தால் அவர் கண்ணெதிரிலேயே அழித்துவிடுங்கள். குழந்தை என்றால் பெற்றோரிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். நடைபாதையில் தூங்குகிறவரிடம் கேட்க வழியில்லை, அவரை எடுக்காதீர்கள்.