பெடல் இல்லாத சைக்கிள் ஓட்டினால் கால் வளையுமா?

கேள்வி: என் பேரனுக்கு இரண்டே கால் வயது. பெங்களூரில் இருக்கும் மகள் அவனுக்கு பேலன்ஸ் பைக், அதாவது பெடல் இல்லாமல் காலால் தள்ளி ஓட்டும் சைக்கிள், வாங்கச் சொல்கிறாள். மதுரையில் விசாரித்தால் கடைக்காரர், "அது புது ஃபேஷன், காலும் வளைஞ்சிடும். சைடு வீல் வச்ச 16 இன்ச் எடுங்க, எட்டு வயசு வரைக்கும் ஓட்டலாம்" என்கிறார். எதை வாங்குவது?
- ஒரு பாட்டி, திருமங்கலம்

பதில்: அம்மா, கால் வளையாது. சின்ன வயதில் எல்லாக் குழந்தைக்கும் கால் சற்று வெளிப்பக்கம் வளைந்துதான் இருக்கும். இரண்டு வயதை ஒட்டி நேராகும், மூன்று நான்கு வயதில் முட்டிகள் உரசுகிற மாதிரி உள்ளே வரும், ஏழு வயதுக்குள் சரியாகிவிடும். வீட்டில் சைக்கிள் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இப்படித்தான். புது ஃபேஷனும் இல்லை. 1817-ல் ஜெர்மனியில் கார்ல் டிரைஸ் ஓட்டிக் காட்டிய இருசக்கர வண்டிக்கே பெடல் கிடையாது. காலால் தள்ளித்தான் ஓட்டினார்.

16 இன்ச் பேச்சை அந்தக் கடையிலேயே விட்டுவிடுங்கள். தீபாவளிச் சட்டையை ஒரு சைஸ் பெரிதாக எடுத்தால் கையை மடித்து விடலாம். கால் தரையில் எட்டாத சைக்கிளை என்ன செய்வது? சைடு வீலும் வேண்டாம். சைக்கிள் திரும்பும்போது உள்பக்கம் சாய வேண்டும். சைடு வீல் அதைச் சாயவிடாது, குழந்தை வெளிப்பக்கம் சாய்ந்து பழகிவிடுவான். பெடல் மிதிப்பது சுலபம், பிறகு தானாக வரும். கஷ்டமான பாடம் பேலன்ஸ்தான், அதைத்தான் சைடு வீல் தள்ளிப்போடுகிறது. கையில் இருக்கும் சரக்கைத் தள்ளிவிட நினைப்பவர் இதையெல்லாம் சொல்ல மாட்டார்.

அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் வயதை நம்பாதீர்கள். பேரனை வெறுங்காலோடு சுவரில் சாய்த்து நிறுத்தி, ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கவட்டைக்குக் கீழே ஒட்டிப் பிடித்து, அங்கிருந்து தரை வரை அளந்துகொள்ளுங்கள். 34 சென்டிமீட்டர் வந்தால், சீட்டை 31 வரை இறக்க முடிகிற வண்டிதான் அவனுக்கு. உட்கார்ந்தால் இரண்டு பாதமும் முழுசாகத் தரையில் படிய வேண்டும், முட்டி லேசாக மடங்க வேண்டும். வண்டியின் எடை அவன் எடையில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. பன்னிரண்டு கிலோ பையனுக்கு நாலு கிலோ.

இந்த வண்டி பொம்மைக் கணக்கில்தான் விற்பனைக்கு வருகிறது. 2021 ஜனவரி 1 முதல் பொம்மைகளுக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். ஆனால் வெறும் முத்திரையை யார் வேண்டுமானாலும் அச்சடித்து ஒட்டலாம். அதன் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்க வேண்டும். மகளிடம் சொல்லி, முத்திரை தரும் அரசு அமைப்பின் 'பி.ஐ.எஸ். கேர்' செயலியில் அந்த எண்ணைப் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். சட்டம் போட்டவர்களே கடை கடையாகப் போய்ப் பார்த்தால், பேரன் வைத்திருக்கும் பாட்டி எதற்கு இந்த வேலையைச் செய்ய வேண்டும்?

இன்னொரு வகை ஆட்களும் கிளம்பியிருக்கிறார்கள். மழலையர் பள்ளிகளோடு பேசி வைத்துக்கொண்டு, பயிற்சி, சான்றிதழ், வண்டி எல்லாம் சேர்த்து 'பேக்கேஜ்' என்று விற்கிறார்கள். வண்டியையும் அவர்களிடமே வாங்க வேண்டுமாம். இரண்டு வயதுப் பையனுக்கு எதற்கம்மா சான்றிதழ்? இதற்குப் பயிற்சியாளரே தேவையில்லை. முதல் சில வாரம் வண்டியைக் கவட்டையில் வைத்துக்கொண்டு நடப்பான், அவ்வளவுதான். அவசரப்பட்டு ஹேண்டில்பாரைப் பிடித்து இழுக்காதீர்கள்.

காசு போட்டு வாங்கத் தேவையில்லாத ஒரு சந்தர்ப்பம் உண்டு. சொந்தக்காரர் வீட்டில் பழைய 12 இன்ச் சைக்கிள் சும்மா கிடந்தால் பெடலைக் கழற்றிவிட்டு இதற்கே பயன்படுத்தலாம். வலது பெடல் வழக்கம்போல் இடப்பக்கம் திருகினால் கழன்றுவிடும். இடது பெடலின் மரை தலைகீழ், வலப்பக்கம் திருக வேண்டும். தெரியாமல் முறுக்கினால் இன்னும் இறுகிவிடும். பெடல் போனாலும், அதைத் தாங்கும் கிராங்க் தண்டு நீட்டிக்கொண்டு நின்று கெண்டைக்காலில் இடிக்கும், அதனால் மெக்கானிக்கிடம் கொடுத்து அதையும் செயினையும் சேர்த்தே எடுத்துவிடுங்கள். அப்புறம் சீட்டை அடிவரை இறக்கி, மறுபடி அந்த 31 வருகிறதா என்று அளந்து பாருங்கள், எடையையும் தூக்கிப் பாருங்கள். பழைய இரும்புச் சைக்கிள் ஏழெட்டு கிலோ இருக்கும். அப்படியென்றால் உங்கள் பேரனுக்கு அது வேண்டாம்.

ஓட்டத்தான் இடமில்லை. தெருவைத் தோண்டினால் மூட ஆளில்லை, பூங்காவுக்குப் போனால் காவலாளி சைக்கிளை வாசலிலேயே நிறுத்துகிறார். மொட்டை மாடிக்கு மட்டும் கொண்டு போகாதீர்கள். வழவழப்பான டைல்ஸ் தரையில் ஃபோம் டயர் வழுக்கும். வெயில் ஏறுமுன் வீட்டு முற்றத்திலோ கோயில் வெளிப் பிரகாரத்திலோ ஓட்டட்டும். விரல் மூடிய ஷூவும் ஹெல்மெட்டும் போட்டு விடுங்கள். இந்த வண்டிக்குப் பெரும்பாலும் பிரேக் கிடையாது, கால்தான் பிரேக். அதனால் கார் ஏறுகிற சரிவுப் பக்கம் விடவே விடாதீர்கள்.