பின்கோடு மேப் மட்டும் போதுமா?

கேள்வி: எம்.எஸ்சி. நர்சிங் படிக்கிறேன். சென்னையில் சர்க்கரை நோய்க்கு மருந்து வாங்க வருவதைப் பாதியில் நிறுத்திவிடுபவர்களின் சமூகச் சூழல்தான் என் ஆய்வு. பதிவேட்டில் முகவரியும் பின்கோடும் இருக்கின்றன. பின்கோடு வாரியாக மேப் போட்டால் போதுமா?

பதில்: போதாது. பின்கோடு தபால் பட்டுவாடாவுக்காகப் பிரித்தது. ஒரே பின்கோட்டில் பெரிய அடுக்குமாடிகளும் இருக்கும், குடிசைப் பகுதியும் இருக்கும். இரண்டுக்கும் சேர்த்து எடுக்கும் சராசரி இரு தரப்புக்கும் பொருந்தாது. முகவரிதான் கையில் இருக்கிறதே, வார்டு வரைக்கும் இறங்குங்கள்.

அதிலும் கவனம் வேண்டும். 2011 பிப்ரவரியில் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தபோது சென்னை மாநகராட்சியில் 155 வார்டுகள். அதே ஆண்டு அக்டோபரில் எல்லை விரிந்து 200 ஆயின. கணக்கெடுப்பின் வார்டு விவரங்களை உங்கள் பதிவேட்டோடு எண்ணை மட்டும் பார்த்து இணைத்தால் ஓர் ஊரின் கழிப்பறைக் கணக்கு வேறோர் ஊரின் நோயாளி தலையில் விழும். பழைய, புதிய எல்லைக் கோப்புகளைக் கியூஜிஐஎஸ்ஸில் (மேப் போடும் இலவச மென்பொருள்தான்) ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் சரிபாருங்கள். அந்தக் கணக்கெடுப்பும் பழையதாகிவிட்டது. அதனால் வருமானம், தண்ணீர் வசதி, வேலை நேரம் போன்றவற்றை உங்கள் வினாத்தாளிலேயே கேட்டுவிடுங்கள். வார்டு ஏழ்மையானது என்பதால் அங்கிருந்து வரும் ஒவ்வொருவரும் ஏழை என்று எழுதிவிடும் தவறும் குறையும்.

அப்புறம் தூரம். பலர் வீட்டுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே ஒரு நேர்கோடு போட்டு முடித்துவிடுகிறார்கள். நடுவில் பக்கிங்காம் கால்வாயோ ரயில் பாதையோ இருந்தால் அந்தக் கோட்டுக்கு அர்த்தமே இல்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய மேப்பின் சாலைத் தரவை வைத்து நடை தூரத்தையும் நேரத்தையும் கணக்கிடுங்கள். அதோடு காலில் புண் இருக்கிறதா, எத்தனை பஸ் மாற வேண்டும் என்பதையும் பதிவு செய்யுங்கள். மேப்புக்கு இதெல்லாம் தெரியாது, நர்ஸுக்குத் தெரியும். உங்கள் ஆய்வின் பலமே இந்த இடம்தான் என்பேன்.

இன்னொன்று, 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைப் பெறுபவர்களைத் தனியாகக் குறிக்காவிட்டால், மருத்துவமனைக்கு வராதவர் எல்லாம் சிகிச்சையை விட்டவர் ஆகிவிடுவார்.

வீடுகளைப் புள்ளிகளாக அச்சிடவே வேண்டாம், நோயாளி யார் என்று தெரிந்துவிடும். டிஎச்எஸ் (பல நாடுகளில் வீடு வீடாக எடுக்கும் மக்கள்தொகை, சுகாதாரக் கணக்கெடுப்பு) ஆய்வுகளில் மாதிரிப் பகுதிகளின் ஜிபிஎஸ் புள்ளியை நகரத்தில் 2 கி.மீ. வரையும், கிராமத்தில் பெரும்பாலும் 5 கி.மீ. வரையும் வேண்டுமென்றே நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். நீங்கள் வார்டு அளவில் நிறம் தீட்டிக் காட்டினால் போதும். ஓரிருவர் மட்டுமே உள்ள வார்டுகளைப் பக்கத்து வார்டோடு சேர்த்துவிடுங்கள். பதிவேட்டு முகவரியை ஆய்வுக்கு எடுப்பதற்கு நெறிமுறைக் குழுவின் அனுமதியை முதலிலேயே வாங்கிவிடுங்கள்.