காட்டுயிர் உயிரியலில் பேராசிரியராக முனைவர் பட்டம் போதாதா? போஸ்ட்டாக் எதற்கு?

போஸ்ட்டாக் என்பது முனைவர் பட்டம் முடித்தவர், பெரும்பாலும் வேறொரு ஆய்வுக்குழுவில், சில வருட ஒப்பந்தத்தில் சம்பளத்துக்குச் செய்யும் ஆராய்ச்சி வேலை. முனைவர் பட்ட ஆய்வு பெரும்பாலும் வழிகாட்டியின் நிழலில்தான் நடந்திருக்கும். ஆள் எடுக்கும் பல்கலைக்கழகமோ இவர் தனியாகக் கேள்வி எழுப்பி, நிதி வாங்கி, மாணவர்களை நடத்துவாரா என்று பார்க்கிறது. ஓட்டுநர் பள்ளி வண்டியில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் இருக்குமே, அது இல்லாமல் ஓட்டிக் காட்டுவது மாதிரி. அப்புறம் இந்தத் துறைக்கே உரிய தலைவலி ஒன்று: வருடத்துக்கு ஒருமுறை கூடு கட்டும் பறவையை ஆராய்கிறவர் அந்தப் பருவத்தைத் தவறவிட்டால் அடுத்த வருடம்தான், அதனால் ஆய்வுக் கட்டுரைகள் மெதுவாகத்தான் சேரும், பேராசிரியர் வேலைக்கான காத்திருப்பும் நீளும். கற்பித்தலே முதன்மையான கல்லூரிகளில் போஸ்ட்டாக் இல்லாமலும் வேலை கிடைப்பதுண்டு. பலர் நினைப்பதுபோல் இது முனைவருக்கு மேலான இன்னொரு பட்டம் அல்ல, தற்காலிக வேலை, அவ்வளவுதான்.